போனை மட்டும் வைத்து ஜெர்மன் பி1 வரை போக முடியுமா?

இரவுப்பணி எழுதியது:

வணக்கம் நண்பர்களே,

நான் செவிலியர். பெரும்பாலும் இரவுப் பணி. அடுத்த ஆண்டுக்குள் ஜெர்மன் பி1 தேர்வை, அதாவது ஏ1, ஏ2 நிலைகளுக்கு அடுத்த நடுத்தர நிலைத் தேர்வை, முடித்தாக வேண்டும். வகுப்பில் சேரப் பார்த்தேன். பணி நேரம் வாரத்துக்கு வாரம் மாறுவதால் எதுவும் ஒத்துவரவில்லை. என்னிடம் கணினி கிடையாது. ஓர் ஆண்ட்ராய்டு போன், காதில் மாட்டும் புளூடூத் இயர்போன், இவ்வளவுதான்.

சில மாதங்களாக ஒரு செயலியில் தினமும் படித்துவருகிறேன். விடுப்பு நாளில்கூட விட்டதில்லை. படம் பார்த்து வார்த்தையைத் தொடுவது, கலைந்து கிடக்கும் வார்த்தைகளை வாக்கியமாக அடுக்குவது எல்லாம் இப்போது யோசிக்காமலே வருகிறது. ஆனால் ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் தோழி அண்மையில் கூப்பிட்டு, “எங்கே, உன் ஜெர்மனைப் பார்க்கலாம்” என்று நான்கைந்து வாக்கியம் பேசினாள். அவள் கேட்டது எனக்குப் பிடிபடவும் இல்லை, பதில் சொல்ல வாயும் வரவில்லை. பேசியதை எழுத்தில் அனுப்பச் சொல்லிப் பார்த்தால், அத்தனையும் எனக்குத் தெரிந்த வார்த்தைகள்!

போனை மட்டும் வைத்துக்கொண்டு பி1 வரை போக முடியுமா? பணிக்கு நடுவே கிடைப்பதெல்லாம் பத்துப் பதினைந்து நிமிட இடைவேளைகள். அவற்றில் எதைச் செய்வது? பெயர்ச்சொல்லின் பாலைக் காட்ட அதன் முன்னால் வரும் டெர், டீ, டாஸ் மூன்றும் மனதில் நிற்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்? வேறு செயலி எதையாவது இறக்க வேண்டுமென்றாலும் சொல்லுங்கள், செய்கிறேன்.

---

குறில்நெடில் எழுதியது:

இரவுப்பணி, நான் பெரியவர்களுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள்தான் என்னிடம் அதிகம் வருவார்கள். நீங்கள் இப்போது நிற்கும் இடத்தில் நின்றவர்கள் அவர்களில் நிறையப் பேர். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், தோழி பேசியது ஏன் புரியவில்லை என்று பார்ப்போம். அதில்தான் உங்கள் மற்ற கேள்விகளுக்கும் பதில் இருக்கிறது. நான்கு விடைகளில் ஒன்றைத் தொடுவதற்கு, அந்த வார்த்தையை எங்கோ பார்த்த நினைவு இருந்தாலே போதும். கூட்டத்தில் ஒருவரைப் பார்த்ததும் தெரிந்த முகம் என்று படும், பெயர் மட்டும் வராது அல்லவா, அந்த அளவு நினைவு. பேச்சில் நான்கு விடைகளை யாரும் நம் முன் வைப்பதில்லை. வார்த்தை உள்ளிருந்து வர வேண்டும். அதுவும் ஓரிரு நொடிக்குள்.

இதைச் சோதித்தே காட்டியிருக்கிறார்கள். 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பாடப் பகுதியைக் கொடுத்தார்கள். சிலர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். சிலர் ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் நிலைமை தலைகீழ். நினைவிலிருந்து எடுத்துப் பழகியவர்களுக்குத்தான் அதிகம் தங்கியிருந்தது. செயலியில் பாடம் முடிந்த கையோடு “நன்றாக வருகிறது” என்று தோன்றுவதும் அந்த முதல் ஐந்து நிமிடத்துக் கதைதான்.

இரண்டாவது காரணம் ஒலி. ஜெர்மன் எழுத்தில் ‘ஹாபென்’ என்று இருக்கும் சொல் சாதாரணப் பேச்சில் ‘ஹாபம்’ ஆகும். இன்னும் வேகத்தில் ‘ஹாம்’ என்றே சுருங்கிவிடும். நீங்கள் ‘ஹாபென்’ என்ற எழுத்துருவத்தைப் பல நூறு முறை தொட்டிருப்பீர்கள். ‘ஹாம்’ என்ற ஒலியை அதனோடு சேர்த்து ஒருமுறைகூட யாரும் காட்டியிருக்க மாட்டார்கள். அப்புறம் எப்படிப் புரியும்?

ஆகவே என் பதில்: போன் போதும், நிச்சயமாகப் போதும். ஆனால் திரையைத் தொடுவதைக் குறைத்து, அதன் மைக்கையும் ஒலிபெருக்கியையும் வேலை வாங்க வேண்டும். வாயைத் திறக்காமல் செய்யும் பயிற்சியை நான் பாதிப் பயிற்சியாகக்கூடக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கேட்பதிலிருந்து தொடங்குங்கள். டாய்ச்ச வெல்ல என்ற ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனம் ‘நிக்கோஸ் வேக்’ என்று ஒரு காணொளிப் பாடத்தொடரை இலவசமாகக் கொடுக்கிறது. நிக்கோ என்ற ஸ்பானிய இளைஞன் ஜெர்மனியில் வந்து இறங்குவதில் தொடங்கி, ஏ1, ஏ2, பி1 என்று மூன்று நிலைகள் போகும். காட்சிகள் சின்னச் சின்னவை, ஒவ்வொன்றுக்கும் எழுத்து வடிவமும் உண்டு. பத்து நிமிட இடைவேளைக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் பார்க்கவில்லை. ஒரு காட்சியை எழுத்து பார்க்காமல் கேளுங்கள். காதில் விழுந்ததை, தப்போ சரியோ, எழுதுங்கள். இன்னொரு முறை கேளுங்கள். அதற்குப் பிறகே எழுத்து வடிவத்தைத் திறந்து, எந்த இடத்தில் காது ஏமாந்தது என்று பாருங்கள். ‘ஹாம்’ போன்றவை அங்கேதான் சிக்கும்.

பிறகு அதே காட்சியை ஓடவிட்டு, பேசுபவரின் வாலைப் பிடித்த மாதிரி கூடவே பேசுங்கள். புரிந்த காட்சியாக இருக்க வேண்டும், புதிய காட்சியில் இதைச் செய்ய வேண்டாம். கடினமான வரியை மட்டும் திரும்பக் கேட்க வேண்டுமென்றால், கோப்பாக இறக்கிய ஒலியை விஎல்சி செயலியில் போட்டு, வரியின் தொடக்கத்தையும் முடிவையும் குறித்துவிட்டால் அது சுற்றிச் சுற்றி ஒலிக்கும். வேகத்தைக் குறைத்துக் கேட்கும் வசதியை முடிந்தவரை தொடாதீர்கள். இழுத்து நீட்டிய ஒலியில் சுருக்கங்களின் தாளம் போய்விடும். பழக வேண்டியது அந்தத் தாளம்தான். மெதுவாக வேண்டுமென்றால், மனிதரே மெதுவாகப் படித்ததைக் கேளுங்கள். அதே நிறுவனம் மெதுவாக வாசித்த செய்திகளையும் எழுத்து வடிவத்தோடு தருகிறது. பி1-ஐ நெருங்கும்போது அது கைகொடுக்கும்.

பேச்சுக்கு, போனோடு வரும் ஒலிப்பதிவுச் செயலி போதும். மூல வரியைக் கேளுங்கள், நீங்கள் சொன்னதைப் பதியுங்கள், இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிடுங்கள். தன் குரலைத் தானே கேட்பது முதலில் எல்லோருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். சில நாளில் பழகிவிடும். தமிழ் பேசுகிறவர்களுக்கு இங்கே பெரிய வசதி ஒன்று இருக்கிறது. ஜெர்மனில் உயிரொலியின் நீளம் பொருளையே மாற்றும். ‘ஷ்டாட்’ என்றால் நாடு, ‘ஷ்டட்’ என்றால் நகரம். மற்ற மொழிக்காரர்கள் இதைப் பிடிக்கவே திணறுவார்கள். குறிலும் நெடிலும் நமக்குச் சின்ன வயதிலிருந்தே காதில் இருக்கின்றன. அதை நம்பிப் பயன்படுத்துங்கள்.

நமக்குப் புதிதாக வருவது, யு-வின் மேல் இரண்டு புள்ளி வைத்த ஒலி. ‘ஈ’ என்று சொல்லிக்கொண்டே, நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் ‘ஊ’-வுக்குக் குவியுங்கள். ஓ-வின் மேல் புள்ளி வைத்ததற்கு ‘ஏ’ சொல்லிக்கொண்டே ‘ஓ’-வுக்குக் குவிக்க வேண்டும். போனின் முன்பக்கக் கேமராவில் உங்கள் உதட்டைப் படம் பிடித்துப் பாருங்கள். குவிந்ததாக நாம் நினைத்துக்கொண்டிருப்போம், படத்தில் பாதிகூடக் குவிந்திருக்காது.

ஒரு வேண்டுகோள்: உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்து வைக்காதீர்கள். இந்த மன்றத்துக்காக நான் அப்படி எழுதுகிறேன், உங்கள் குறிப்புகளில் ஜெர்மன் எழுத்தே இருக்கட்டும். நன்றி சொல்வதும் வண்டிக்கு எரிபொருள் நிரப்புவதும் ஜெர்மனில் வெவ்வேறு வினைகள். முதல் எழுத்து ஒன்றில் மெலிந்து அதிரும், மற்றதில் அதிராமல் வெடிக்கும். தமிழில் எழுதினால் இரண்டுமே ‘டங்கென்’தான். ஒரு சொல்லின் ஒலி சந்தேகமாக இருந்தால் ஃபோர்வோ தளத்தில் தேடுங்கள். அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களே சொல்லிப் பதிந்தவை அங்கே கிடைக்கும்.

செயலி என்று கேட்டீர்கள். ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன்: ஆன்கிட்ராய்ட். இலவசம், விளம்பரம் கிடையாது, இணையம் இல்லாமலும் ஓடும். ஏறக்குறைய அதே பெயரில் வேறு செயலிகளும் உலவுகின்றன, பார்த்து இறக்குங்கள். முன்பக்கம் கேள்வியும் பின்பக்கம் விடையும் உள்ள அட்டைகளை அதில் வைத்துக்கொள்ளலாம்; மறக்கப்போகும் நேரம் பார்த்து அட்டையைத் திரும்பக் காட்டுவதுதான் அதன் வேலை. 1885-இல் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறோம் என்று அளந்தார். 1970களில் லைட்னர் என்பவர் அட்டைகளைப் பெட்டி அறைகளில் நகர்த்தும் முறையைப் பரப்பினார். 1987-இல் போலந்தில் வோஸ்னியாக் என்பவர் அந்தக் கணக்கைக் கணினிக்குக் கொண்டுவந்தார். 2006-இல் வந்த ஆன்கி அந்த வழியில் பிறந்ததுதான்; அதன் ஆண்ட்ராய்டு வடிவம்தான் ஆன்கிட்ராய்ட்.

அதை வைத்துக்கொண்டு பிறர் செய்த ஐயாயிரம் அட்டைத் தொகுப்பை இறக்காதீர்கள். நீங்கள் கேட்ட காட்சியிலிருந்து, உங்களுக்குப் பிடிபடாத வாக்கியத்தை நீங்களே அட்டையாக்குங்கள். முன்பக்கம் தமிழில் அந்தச் சூழல், பின்பக்கம் முழு ஜெர்மன் வாக்கியமும் அதன் ஒலியும். அட்டையில் ஒலியை நேரடியாகப் பதியும் வசதி செயலியிலேயே இருக்கிறது. அட்டை வந்ததும் வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள், பிறகு திருப்புங்கள். மனதுக்குள் “ம், தெரியும்” என்று நகர்ந்தால் பழைய செயலியில் செய்ததையே இங்கேயும் செய்கிறீர்கள் என்று பொருள். ஒரு நாளைக்கு 20 புதிய அட்டை என்று அதில் முன்கூட்டியே வைத்திருப்பார்கள். அதை 6 அல்லது 7 ஆக்குங்கள். 20 என்று விட்டால் சில வாரத்திலேயே ஒரு நாளில் திரும்பப் பார்க்க வேண்டியவை நூறைத் தாண்டிவிடும். இரவுப் பணிக்காரருக்கு அது ஆகாது.

டெர், டீ, டாஸ் விஷயம். பெயர்ச்சொல்லைத் தனியாக ஒருபோதும் அட்டையில் போடாதீர்கள். முன்சொல், பெயர், பன்மை மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகுங்கள். கூடவே விகுதிகளைக் கவனியுங்கள், அவை பாதிப் பாரத்தைக் குறைக்கும். ‘உங்’, ‘ஹைட்’, ‘கைட்’, ‘ஷாஃப்ட்’, ‘டேட்’ என்ற விகுதிகள் சேர்ந்த பெயர்கள் டீ. சிறியது என்று காட்டும் ‘ஹென்’ சேர்ந்தால் டாஸ், அதனால்தான் பெண்பிள்ளையைக் குறிக்கும் ‘மேட்ஹென்’கூட டாஸ். ‘லிங்’ சேர்ந்தால் டெர். செயலைச் செய்பவரைக் குறிக்கும் ‘எர்’ சேர்ந்தாலும் டெர். இவற்றுக்குள் வராதவற்றை மட்டும் அட்டையில் மனப்பாடம் செய்தால் போதும்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசும் தன் அலுவலர்கள் ஜெர்மனில் வேலை செய்யும் அளவுக்குத் தேற 36 வாரம் என்று கணக்கு வைத்திருக்கிறது. அதுவும் முழுநேரப் படிப்பாக. ஜப்பானிய மொழிக்கு 88 வாரம். அவர்கள் எட்டும் நிலை பி1-ஐவிட உயர்ந்தது, ஆனாலும் மொழிக்கு எவ்வளவு மணி நேரம் தேவை என்பது தெரிகிறதல்லவா? இடைவேளைத் துண்டுகளை மட்டும் ஒட்டிப் பி1-ஐ எட்டுவது கடினம். நடு இரவு இடைவேளையில் அட்டைகளும் ஏற்கெனவே கேட்ட ஒலியும் மட்டும் போதும், அந்த நேரத்தில் புதிதாக எதையும் தலைக்குள் திணிக்காதீர்கள். புதிய காட்சி, புதிய இலக்கணம் எல்லாம் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு. வாரத்தில் இரண்டு முறையாவது தொடர்ந்து ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமா பாருங்கள். அந்த ஒரு மணி நேரம் அறிவிப்புகள் எதுவும் வராதபடி போனைத் தொந்தரவு செய்யாத நிலையில் வைத்துவிடுங்கள்.

---

காகிதம் எழுதியது:

குறில்நெடில் சொன்னதில் பெரும்பகுதி எனக்கும் சரியே. ஆனால் “போன் போதும்” என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நான் இந்தத் தேர்வை எழுதித் தேறியவன். எழுத்துப் பகுதியைப் பற்றி யாரும் பேசவில்லையே!

ஜெர்மன் மொழித் தேர்வுகளை நடத்தும் கோத்தே நிறுவனத்தின் பி1-இல் எழுதும் பகுதிக்கு 60 நிமிடம். நண்பருக்கு மின்னஞ்சல் சுமார் 80 சொல், ஒரு விவாதத்துக்கு உங்கள் கருத்து சுமார் 80 சொல், மரியாதையாக எழுதும் சிறு மின்னஞ்சல் சுமார் 40 சொல். போனில் மட்டும் தட்டிப் பழகியவருக்கு இது கஷ்டம். காரணம், போனின் விசைப்பலகை ரொம்ப நல்ல பிள்ளை. பெயர்ச்சொல்லின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும், விட்டுப்போன புள்ளிகளை வைத்துவிடும், பாதி தட்டும்போதே முழுச் சொல்லையும் நீட்டும். நமக்கு எழுத்துக்கூட்டு தெரிகிறதா இல்லையா என்பதே நமக்குத் தெரியாமல் போய்விடும்.

இரண்டு வழி இருக்கிறது. ஜெர்மன் விசைப்பலகையில் தானாகத் திருத்துவதையும் சொல் பரிந்துரையையும் அணைத்துவிடுங்கள். அதைவிட நல்லது நோட்டும் பேனாவும். வாரத்துக்கு ஒரு மின்னஞ்சலைக் கடிகாரம் வைத்துக் கையால் எழுதுங்கள். எழுதியதைப் படம் எடுத்து, ஜெர்மன் தெரிந்த யாருக்காவது அனுப்புங்கள். அந்த வேலைக்குப் போன் நல்ல கருவி என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

சாட்பாட்டிடம் கொடுத்துத் திருத்தலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாகத் திருத்தலாம். ஒரே நிபந்தனை, “திருத்தி எழுதித் தா” என்று கேட்காதீர்கள். “எந்த வரியில் பிழை என்று மட்டும் காட்டு, திருத்தத்தை நானே செய்கிறேன்” என்று கேளுங்கள். திருத்திய அழகான கடிதத்தைப் படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும், அடுத்த வாரம் அதே பிழை அப்படியே திரும்ப வரும்.

---

அலைவரிசை எழுதியது:

நான் மொழி ஆசிரியர் இல்லை, ஒலிப்பதிவுத் துறையில் இருக்கிறேன். தோழி “போனில் கூப்பிட்டாள்” என்று படித்ததும் இதை எழுதத் தோன்றியது.

பழைய முறைத் தொலைபேசி அழைப்பு சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை மட்டுமே கடத்தும். தாய்மொழிக்கு அது தாராளம், விட்டுப்போனதை மூளையே நிரப்பிக்கொள்ளும். ஆனால் ஸ, ஃப போன்ற உரசொலிகளின் பலம் பெரும்பாலும் அந்த எல்லைக்கு மேலே இருக்கிறது. ஜெர்மனில் இந்த வகை ஒலிகள் ஏராளம். புதிதாகப் படிப்பவருக்கு அவற்றைப் பிரித்தறியும் தடயமே அழைப்பில் வெட்டுப்பட்டுப் போகிறது. எச்டி குரல் வசதியுள்ள அழைப்பு 7000 ஹெர்ட்ஸ் வரை போகும். இணையம் வழிப் பேசும் செயலிகளும் பொதுவாக அதைவிடக் குறைவதில்லை. தோழியிடம் அடுத்த முறை அப்படிப் பேசிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

புளூடூத் இயர்போனிலும் ஒரு சிக்கல் உண்டு. பாட்டு கேட்கும்போது அது ஒரு முறையில் ஓடும். மைக் திறந்ததும் அழைப்புக்கான முறைக்கு மாறிவிடும், அப்போது பெரும்பாலான கருவிகளில் காதில் விழும் ஒலியின் தரமும் சேர்ந்து இறங்கும். கூடவே பேசிப் பதிவு செய்யும் பயிற்சிக்கு வயர் வைத்த இயர்போனை மாட்டுங்கள். அது இல்லையென்றால் புளூடூத்தில் கேட்டுவிட்டு, அதை நிறுத்தி, போனின் சொந்த மைக்கில் பதியுங்கள். மைக்கை வாய்க்கு நேராகப் பிடிக்காமல் சற்றே பக்கவாட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் மூச்சுக்காற்று மோதும் சத்தம் வராது.

---

இரவுப்பணி எழுதியது:

மூவருக்கும் நன்றி. தோழியிடம் இணைய அழைப்பில் பேசிப் பார்த்தேன். எல்லாம் புரிந்தது என்று சொல்ல முடியாது, ஆனால் வார்த்தை எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்று தெரிகிறது. விசைப்பலகையில் திருத்தத்தையும் அணைத்துவிட்டேன். எனக்கு எவ்வளவு தெரியாது என்பது உடனே கண்ணில் பட்டது.

இன்னும் இரண்டு கேள்விகள். போனில் குரல் கொடுத்தால் அதுவே தட்டச்சு செய்யும் வசதி இருக்கிறதே, அதை ஜெர்மனில் வைத்து உச்சரிப்பைச் சோதிக்கலாமா? தோழிக்கும் எனக்கும் பணி நேரம் ஒத்துவருவது அரிது. பேச ஆள் இல்லாமல் பேச்சுப் பகுதிக்கு எப்படித் தயாராவது?

---

குறில்நெடில் எழுதியது:

அலைவரிசை, தொலைபேசி ஒலியைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி. என் மாணவர்களுக்கும் இதைச் சொல்லப் போகிறேன். இரவுப்பணி, இப்போதைக்குத் தெளிவான ஒலியிலேயே பழகுங்கள். ஆனால் வேலையில் சேர்ந்த பிறகு வார்டுத் தொலைபேசியையும் நீங்கள்தான் எடுப்பீர்கள். அதனால் பி1 நெருங்கும்போது சாதாரண அழைப்பிலும் தோழியைப் பேசச் சொல்லுங்கள்.

காகிதம் சொன்னது முற்றிலும் சரி. நோட்டு வேண்டும்.

குரல் தட்டச்சைப் பயன்படுத்தலாம், ஆனால் முழு வாக்கியத்தை வைத்துச் சோதிக்காதீர்கள். அந்த வசதி முன்பின் சொற்களைப் பார்த்து இது இன்னதாக இருக்கும் என்று ஊகித்துத் திருத்திக்கொள்ளும். நீங்கள் சுமாராகச் சொன்னாலும் சரியாகவே எழுதிவிடும். தனிச் சொல்லாகச் சொன்னால் ஊகிக்க இடம் குறைவு. ‘ஷ்டாட்’, ‘ஷ்டட்’ இரண்டையும் தனித்தனியே சொல்லிப் பாருங்கள், அது எதை எழுதுகிறது என்று. மனிதக் காதுக்கு ஈடில்லை என்றாலும், இரவு மூன்று மணிக்குக் கேட்க வேறு காது ஏது?

பேச்சுக்கு வருவோம். நேரம் ஒத்துவராதவர்களுக்குக் குரல்செய்திதான் நல்ல வழி. நீங்கள் இடைவேளையில் ஒரு நிமிடம் பேசி அனுப்புங்கள், தோழி அவளுக்கு முடியும்போது பதில் அனுப்பட்டும். நேரடிப் பேச்சில் இல்லாத லாபம் இதில் உண்டு: அவள் பதிலை எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம், பிடிபடாத வரியை அட்டையாக்கலாம். தோழியிடம் முன்பே சொல்லி வையுங்கள், ஒவ்வொரு பிழையையும் திருத்த வேண்டாம், ஒரு செய்திக்கு ஒரே ஒரு பிழையைச் சொன்னால் போதும் என்று. எல்லாவற்றையும் திருத்தினால் இருவருக்குமே சலித்துவிடும்.

வேறு ஆள் வேண்டுமென்றால் டாண்டம், ஹலோடாக் போன்ற செயலிகளில், நம் மொழியைக் கற்க விரும்புகிறவரோடு மொழி மாற்றிப் பேசலாம். முழுப்பெயர், வேலை செய்யும் இடம், உங்கள் எண் எதையும் கொடுக்காதீர்கள். பேச்சு மொழிப் பயிற்சியை விட்டு வேறு எங்காவது திரும்பினால் தயங்காமல் தடை செய்துவிடுங்கள்.

தனியாகப் பேசிப் பழகவும் நிறைய இருக்கிறது. கோத்தே பி1 பேச்சுத் தேர்வு இருவர் சேர்ந்து செய்வது, சுமார் 15 நிமிடம். முதலில் இருவரும் சேர்ந்து ஒரு திட்டம் போட வேண்டும். அடுத்து ஒரு தலைப்பில் தனியாகப் பேச வேண்டும். பிறகு மற்றவர் பேசியதைப் பற்றிக் கருத்துச் சொல்லிக் கேள்வி கேட்க வேண்டும். நடுவில் உள்ள தனிப்பேச்சுக்கு வேறு யாரும் தேவையில்லை. ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு, குறிப்பு எதுவும் எழுதாமல் மூன்று நிமிடம் பதியுங்கள். கேட்டுப் பார்த்து, திணறிய இடத்துக்குத் தேவையான சொற்களை மட்டும் தேடுங்கள். மறுநாள் அதே தலைப்பை மறுபடி பதியுங்கள். புதுத் தலைப்புக்குத் தாவ மனம் துடிக்கும், விடாதீர்கள். அதே தலைப்பு மூன்றாவது முறை வரும்போதுதான் வாய் தானாக ஓடத் தொடங்கும்.

பதியும்போது காரணம் சொல்லும் வாக்கியங்களை வலிந்து சேருங்கள். ‘வைல்’ என்ற இணைப்புச் சொல் வந்தால் வினை வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். ஆங்கிலம் வழியாக ஜெர்மன் படிப்பவர்கள் இதில் விழுந்து எழுவார்கள். நமக்கு வினையைக் கடைசியில் வைப்பது மூச்சு விடுவது போல இயல்பு. அந்த வகை வாக்கியத்தை மட்டும் ஆங்கிலத்தைத் தொடாமல், தமிழிலிருந்து நேராக யோசித்துச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று, போன் முழுவதையும் ஜெர்மனுக்கு மாற்றச் சொல்லிச் சிலர் அறிவுரை தருவார்கள். அவசரத்துக்கு ஒரு அமைப்பைத் தேட முடியாமல் தவிப்பீர்கள், வேண்டாம். ஆண்ட்ராய்டு 13 முதல் ஒரு செயலியின் மொழியை மட்டும் தனியாக மாற்றும் வசதி இருக்கிறது, செயலி அதற்கு இடம் கொடுத்தால். நாள்காட்டியை மட்டும் மாற்றுங்கள். கிழமை, மாதம், நேரம் எல்லாம் தினமும் கண்ணில் படும். பணி நேரத்தையும் அதிலேயே ஜெர்மனில் குறித்து வையுங்கள்.

கடைசியாகத் தேர்வு. நீங்கள் எழுதுவது கோத்தே நிறுவனத்தின் பி1 தானா, வேறு நிறுவனத்தின் தேர்வா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள், அமைப்பு மாறும். கோத்தே என்றால் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் நான்கும் தனித்தனிப் பகுதிகள். ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 எடுக்க வேண்டும், தனித்தனியாகவும் எழுதலாம். உங்கள் பணி நேரத்துக்கு இது பெரிய வசதி: இரண்டை முதலில் முடித்துவிட்டு, மற்ற இரண்டைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். மாதிரித் தேர்வும் அதன் ஒலியும் அவர்கள் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. கேட்கும் பகுதியில் சில பிரிவுகளை ஒருமுறை மட்டுமே ஒலிக்கவிடுவார்கள். அதனால் மாதிரித் தேர்வு செய்யும்போது மட்டும் நிறுத்தும் பொத்தானைத் தொடாதீர்கள். போனைக் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, விடைகளைக் காகிதத்தில் எழுதுங்கள்.

முதல் மூன்று நிமிடப் பதிவு தயாரானதும் இந்த இழையிலேயே போடுங்கள். உச்சரிப்பைக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.